அந்த விசில் என்னுடையது

மனைவி இரண்டு நாளாகக் கண் வைத்திருக்கும் ஹால் மூலையை உயிர் இருக்கும்வரை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். வீரமான முடிவுகளை நான் எப்போதும் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பேன். வாய் நிறைய நுரை இருப்பதால் அவற்றை உடனே யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த மூலையில்தான் என் ரெக்கார்டு பிளேயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ராக் இசைத்தட்டுகள் அடுக்கிய மர அலமாரி எல்லாம் இருக்கின்றன. இருந்தன என்று சொல்ல வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு வீரத்தோடு ஹாலுக்கு வந்தால் மூலை காலி. கையில் இஞ்ச் டேப்போடு என் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கே என் செட்டு?"

"படுக்கை அறையில வச்சிருக்கேன். சும்மாதான். இங்க மேஜை போட்டா எப்படி இருக்கும்னு பாக்கறதுக்கு."

"என்ன மேஜை?"

"துணி வெட்டற மேஜை. தரையில உக்காந்து வெட்டி வெட்டி என் முட்டி தேஞ்சு போச்சு. ஆர்டர் வேற குவிஞ்சு கிடக்கு."

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். முட்டி வலி உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மூலைக்கும் அவள் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

"அவ்வளவு கனமான ஸ்பீக்கரை யாரு தூக்கினது?"

"மாடி டாக்டர். கூப்பிட்டேன், வந்தாரு, தூக்கினாரு, போயிட்டாரு."

மாடி வீட்டுப் பல் டாக்டர் ஞாயிறுதோறும் என்னோடு உட்கார்ந்து ராக் கேட்கிறவர். என் பக்கத்து ஆள் என்று நம்பியிருந்தேன். எதிரி முகாமுக்குச் சுமை தூக்கியிருக்கிறார்.

"பாட்டுதானே? போன்லயே எல்லாம் வருதே. காதுல மாட்டிக்கிட்டுக் கேளுங்க. இடமும் மிச்சம், சத்தமும் மிச்சம்" என்றாள் மனைவி.

இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியாது. உங்களுக்காவது புரியட்டும் என்று சொல்கிறேன். ஸ்டுடியோவில் பதிவு செய்த பாட்டு இஸ்திரி போட்டு மடித்து வைத்த சட்டை. அழகாகத்தான் இருக்கும். மேடையில் பாடப் பாடப் பதிவு செய்தது, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் வெயிலில் ஓடிவந்த மாதிரி. கசங்கியிருக்கும், ஒரு பட்டன் தெறித்திருக்கும். ஆனால் உள்ளே ஆள் இருப்பார். நான் சேர்த்து வைத்திருப்பது எல்லாம் இப்படி ஆள் இருக்கும் ரெக்கார்டுகள்.

'மழை ரெக்கார்டு' என்று ஒன்று. அட்டையில் வேறு பெயர் இருக்கும், இது நான் வைத்தது. திறந்த மைதானத்தில் பாதிப் பாட்டில் மழை பிடித்துக்கொள்கிறது. மேடைக்கு மேலே கட்டிய தார்ப்பாயில் மழை விழுவது கிட்டாரோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை என்பது கைதட்டலில் தெரியும். அடுத்தது 'இருமல் ரெக்கார்டு.' கிட்டார் தனியாக, மெதுவாக வாசிக்கும் இடத்தில் முன்வரிசையில் யாரோ இருமுவார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இருமல் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. மனிதர் மருந்து சாப்பிட்டாரோ இல்லையோ என்று கவலைப்படுவேன். இன்னொன்றில் பாடகருக்கு ஒரு வரி மறந்துபோகும். ஒரு மூச்சு நேரம் வெறும் டிரம்ஸ்தான். உடனே கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்த வரியைப் பாடி எடுத்துக்கொடுக்கும். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியில் வந்து ஏறிக்கொள்வார். அந்தச் சிரிப்பை ஸ்டுடியோவில் போய்ப் பதிவு செய்ய முடியுமா? அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயது குறைகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, 'விசில் ரெக்கார்டு.'

நான் குடிநீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் ஊர் அரங்கத்துக்கு ஒரு ராக் குழு வந்தது. கீழே மர நாற்காலிகள், மேலே பால்கனி, ஓடாத மின்விசிறிகள். கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் நின்றது. டிரம்ஸ்காரர் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். அரங்கமே மூச்சுவிடவில்லை. அப்போது ஒரு விசில். கீழிருந்து மேலே ஏறி, நடுவில் சின்னதாக வெட்டுப்பட்டு, மறுபடியும் ஏறும். அது முடிந்த நொடியில் குச்சிகள் இறங்கும், அரங்கம் அதிரும்.

அந்த விசில் நான் அடித்தது.

இரண்டு விரலை வாயில் வைத்து ஊதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறு வருஷம் ரெக்கார்டு வெளிவந்ததும் கடையில் நின்றபடியே கேட்டேன். அதே இடம், அதே விசில். கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து இந்த விசிலைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் காபி குடித்ததில்லை. நடுவில் ஏன் அந்த வெட்டு என்று கேட்பவர்களிடம், உணர்ச்சியில் நெஞ்சு அடைத்துவிட்டது என்று விளக்குவேன். அந்த இடம் வரும்போதெல்லாம் மனைவி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவாள். கணவனைப் பற்றிய பெருமை, பாவம், வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.

ஆகவே அன்றும் அதையே ஆயுதமாக எடுத்தேன்.

"அது வெறும் மூலை இல்லை. என் இளமை அங்க இருக்கு. என் விசில் அங்க இருக்கு."

"அந்த விசில் உங்களதுதானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. சாயங்காலம் டீ குடிக்கும்போது அடிங்க. அதே மாதிரி வந்துச்சுன்னா மூலை உங்களுக்கு. வரலைன்னா மேஜைக்கு."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தேன். சிரித்தபோதுதான் நினைவு வந்தது. என் முன்பல் இரண்டும் போன வருஷம் விடைபெற்றுவிட்டன. இப்போது இருப்பவை மாடி டாக்டர் கட்டிக் கொடுத்தவை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தேன். காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

மாடிக்கு ஓடினேன்.

"டாக்டர், சாயங்காலத்துக்குள்ள விசில் அடிக்கற மாதிரி பல்லை மாத்த முடியுமா?"

"சார், அது கடிக்கறதுக்குக் கட்டின பல்லு."

"காலையில என் ஸ்பீக்கரைத் தூக்கினவர் நீங்க. அந்தப் பாவத்துக்கு இப்போ ஒரு உதவி பண்ணணும்."

திட்டத்தைச் சொன்னேன். செட்டு படுக்கை அறையில் இருக்கிறது. டாக்டர் வழக்கம்போல ரெக்கார்டு கேட்க வந்த மாதிரி அங்கே உட்கார வேண்டும். நான் ஹாலில், படுக்கை அறைத் திரைக்கு முன்னால் நிற்பேன். நான் இருமினால் சரியாக விசிலுக்கு முந்தின மௌனத்தில் பிளேயர் முள்ளை வைக்க வேண்டும். விசில் முடிந்ததும் தூக்கிவிட வேண்டும்.

"ஊரார் கடைவாய்ப் பல்லையே கை நடுங்காம புடுங்கறவர் நீங்க. இது ஒரு முள்."

"கவலையை விடுங்க சார். சுத்தமா எடுத்துடறேன்."

சாயங்காலம் மனைவி டீ டம்ளரோடு தையல் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நான் திரைக்கு முன்னால் மார்பை நிமிர்த்தி நின்றேன்.

"உள்ளே யாரு?" என்றாள்.

"டாக்டர். ரெக்கார்டைத் துடைச்சிட்டு இருக்காரு."

"நல்லது. ஆரம்பிங்க."

இருமினேன். இரண்டு விரலை வாயில் வைத்தேன். கன்னத்தை உப்பவைத்தேன். விசில் புறப்பட்டது. என்ன விசில்! ஏறியது, வெட்டுப்பட்டது, மறுபடியும் ஏறியது. நானே ஒரு கணம் என் பல்லை நம்பிவிட்டேன். முடிந்ததும் விரலை எடுத்துவிட்டு, 'எப்படி?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினேன்.

அப்போது டிரம்ஸ் இறங்கியது.

பின்னாலேயே கிட்டார் வந்தது. அதற்குப் பின்னால் அரங்கம் முழுக்க எழுந்து கத்தியது, கை தட்டியது, நாற்காலியில் தட்டியது. நான் மூடிய வாயோடு நின்றுகொண்டிருந்தேன். மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உங்க வாயில மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?"

திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். முள்ளு மேல கையை வச்சேன். அந்த இடத்துல எப்படி சார் தூக்கறது? மனசு வரலை."

அவரை என்னால் திட்ட முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன்.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்குச் சிரிப்பு முற்றினால் விக்கல் வந்துவிடும். சோடா குடித்தாலும் வரும். அதனால் வீட்டில் இரண்டையும் அளவாகத்தான் வைத்துக்கொள்வாள். அன்று அளவு மீறிவிட்டது. விக்கிக்கொண்டே எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

விசில் கீழிருந்து ஏறியது. நடுவில் ஒரு விக்கல். சின்னதாக வெட்டுப்பட்டு, மறுபடியும் ஏறியது.

டாக்டர் திரையைப் பிடித்தபடி நின்றார். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீயா?"

"பால்கனியில எங்க அக்காவோட உக்காந்திருந்தேன். சோடா குடிச்சு ஒரே விக்கல். டிரம்ஸ்காரர் வேற குச்சியைத் தூக்கிட்டு அடிக்காமலே நின்னாரு. பாவம், மறந்துட்டாரோன்னு நினைச்சேன். அதான் ஒரு விசில் அடிச்சு ஞாபகப்படுத்தினேன்."

"நானும் அடிச்சேனே."

"அடிச்சிருப்பீங்க. என்னது கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "முதல் முதலா நாம பேசினப்போ நீங்க வேற எதுவுமே பேசலை. அந்த விசில் எப்படி ஏறுது, எங்க நிக்குது, அதுல எவ்வளவு உயிர் இருக்குன்னு அதையே சொல்லிட்டிருந்தீங்க. விசில் அடிச்சதுக்கு எங்க வீட்டுல எனக்குக் கிடைச்சது திட்டு மட்டும்தான். நீங்கதான் முதல்ல பாராட்டினீங்க. காலம் பூரா கேட்டுட்டு இருக்கலாமேன்னு தோணுச்சு. அதான் கல்யாணத்துக்குச் சரின்னுட்டேன்."

உணர்ச்சியில் நெஞ்சு அடைத்ததாக இத்தனை வருஷம் நான் விளக்கிய வெட்டு ஒரு சோடா விக்கல். கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்ற அத்தனை தடவையும் அவள் கேட்டது அவளுடைய இளமையை. அதில் நான் வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

மேஜை வந்துவிட்டது. மூலை அதற்குத்தான். மேஜைக்கு அடியில் தட்டுகள் அடித்து என் ரெக்கார்டுகளை அதில் அடுக்கிவிட்டாள், பிளேயர் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழை ரெக்கார்டு ஓடும்போது துணி நேராக வெட்டுப்படுகிறது என்கிறாள். இருமல் வரும் இடத்தில் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கவலைப்படுகிறோம்.

விருந்தாளிகளுக்கு இன்னமும் விசில் ரெக்கார்டு போடுகிறேன். போன வாரம் அலுவலக நண்பர் வந்திருந்தார். அந்த இடம் வந்ததும் நியாயமாக நடந்துகொண்டேன். "இந்த விசில் என் மனைவியோடது" என்று சொல்லி மேஜைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவள் கத்தரியை நிறுத்தாமலே சொன்னாள்: "அதுக்கப்புறம் கைதட்டல் வருது பாருங்க, அது இவரு."