ஒரே வீட்டுக்கு இரண்டு விண்ணப்பங்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்குத் தங்கை கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு மூவரும் சுகம். தங்கள் முதுகுவலி குறைந்து, குனிந்து செருப்பு மாட்டும் அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என நம்புகிறேன்.

வீட்டுக் கடனுக்குத் தரகரைப் பிடிப்பதா, நேரே வங்கிக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தவன் என்பதால் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

மகள் புகுந்த வீட்டை விட்டு வந்தது தாங்கள் அறிந்ததே. இந்த வாடகை வீட்டில் அவளுக்குத் தர அறை இல்லை. கூடத்தில், குளிர்பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே கட்டில் போட்டோம். காலையில் யார் தண்ணீர் எடுக்கப் போனாலும் தூக்கத்திலேயே காலை மடக்கி வழி விடுகிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் என் பல்செட் பட்டறைக்குப் பக்கத்தில், மூன்று அறை உள்ள ஒரு வீட்டை வெளியே நின்று பார்த்து வைத்தோம். உங்கள் தங்கை, "ஒரு நல்ல தரகர் இருக்காருங்க, எந்த பேங்க் நமக்குக் கொடுக்கும்னு அவருக்குத் தெரியும்" என்றாள். "ஒரு தரகர் பேச்சைக் கேட்டுப் பொண்ணைக் கட்டிக் கொடுத்தது போதும்" என்றேன் நான். அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று இத்தனை வருடம் கழித்தும் நான் நினைத்தேன் பாருங்கள் மச்சான், அங்கேதான் சறுக்கியது.

நான் நேரே வங்கிக்குப் போனேன். அதிகாரி இளைஞர்தான், ஆனால் முன்பல் இரண்டு கட்டியது. அதை நான் செய்யவில்லை என்பது அவர் 'ஸ' சொல்லும்போதே தெரிந்தது. சம்பளச் சீட்டு கேட்டார். "நானே முதலாளி, நானே தொழிலாளி, எனக்கு நானே எழுதித் தரவா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பட்டறைக் கணக்கு, வரிக் கணக்கு, அதன் நகல், நகலின் நகல் என்று என்னை அலைக்கழித்துவிட்டுக் கடைசியில், "ஸார், அந்த வீட்டுக்கு எங்க இன்னொரு கிளையில வேற விண்ணப்பம் வந்திருக்கு. அது ரொம்ப பலமா இருக்கு" என்றார்.

அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் ஓடினேன். "ஒரு அம்மா வந்தாங்க, ரொம்பத் தன்மையானவங்க. மகளுக்காக வாங்குறாங்களாம். அவங்க வீட்டுக்காரர்தான் கொஞ்சம் பிடிவாதமாம், பாவம்" என்றார் அவர். அந்த அம்மாளுக்காக எனக்கே மனம் இளகிவிட்டது. இப்படி ஒரு மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாளோ என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனாலும் என் மகள் என் மகள்தானே. மறுபடி வங்கிக்குப் போய், எனக்கு வழிவிடும்படி அந்தப் போட்டிக்காரரிடம் பேசிப் பார்க்கச் சொன்னேன். அதிகாரி கணினியில் எதையோ தேடினார். என்னைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார்.

"இதுல இணை விண்ணப்பதாரர் நீங்கதானே ஸார்?"

உங்கள் தங்கை விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். படிப்பதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், அவளிடம் சம்பளச் சீட்டு இருந்தது. தரகர் அதை முன்னால் வைத்து, என் பட்டறையைப் பின்னால் வைத்து அனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். வெங்காயம் நறுக்குவதை அவள் நிறுத்தவில்லை. "நீங்க நேராப் போனீங்க, நான் சுத்திப் போனேன். யாராவது ஒருத்தர் போய்ச் சேரணும்ல" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். அவளுக்கும் அந்தக் கட்டிலைத் தாண்டித்தானே தினமும் போக வேண்டியிருக்கிறது.

என் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினேன். அவளுடையதற்குக் கடன் அனுமதி கிடைத்துவிட்டது. ஆகவே என் முடிவான கருத்து: தரகரையே பிடியுங்கள். வங்கிக்காரருக்குத் தன் வாசல் மட்டும்தான் தெரியும். எந்த வாசல் நமக்குத் திறக்கும் என்பது தரகருக்குத் தெரியும். அவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சொந்தக் கூரையின்கீழ் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று விரும்பும்,
தங்கை கணவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்த வீட்டின் சொந்தக்காரர் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு பேர் முட்டி மோதும் அளவுக்குத் தம் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிட்டதாம், விற்கவில்லையாம். அந்த இரண்டு பேரும் நாங்கள்தான் என்று எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. இதைக் கேட்டு மகள் சிரிக்க ஆரம்பித்தாள். "உங்களோட நீங்களே போட்டி போட்டுத் தோத்துட்டீங்களாப்பா" என்று கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பி வந்ததிலிருந்து அவள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. உங்கள் தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேறு வீடு பார்க்கப் போகிறோம், மூவரும் ஒரே வண்டியில்.