வியர்வையில் குடியேறிய செவ்வாய்

சைக்கிள் மிதிக்கிற ஒவ்வொருவனுடைய வியர்வையிலும் செவ்வாய் கிரகம் குடியிருக்கிறது என்ற பேருண்மை, தொண்ணூற்று நாலாம் வருஷம் பங்குனி மாதத்தில்தான் திருநெல்வேலிக்குத் தெரியவந்தது. அதுவரை வியர்வையில் உப்பு மட்டும்தான் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பாவம், படித்தவர்கள்!

இதைக் கண்டுபிடித்து அருளியவர் கவச சித்தர். வண்ணார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஆசிரமம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தரிசனம். விடிவதற்குள் வரிசை மாடிப்படி இறங்கி, டீக்கடையைச் சுற்றி, பஸ் நிற்கிற இடம்வரை நீண்டுவிடும். கண்டக்டர்கள் "சித்தர் ஸ்டாப்பு எறங்கு!" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். பால்காரர், தபால்காரர், வாத்தியார், வங்கிக் குமாஸ்தா என்று சைக்கிள் வைத்திருந்த அத்தனை ஆண்மக்களும் அந்த வரிசையில் நின்றார்கள். எல்லாரும் வெளுத்த சட்டையில் நின்றார்கள். மகானைப் பார்க்கப் போகிறவன் அழுக்குச் சட்டையோடு போவானா?

சித்தருடைய தத்துவம் எளிமையானது. கண்ட துணியை உடுத்திக்கொண்டு சைக்கிள் மிதித்தால் வியர்வை வழியாகச் செவ்வாய் உடம்புக்குள் இறங்கும். இறங்கினால் விபத்து. அதற்குப் பரிகாரம், மந்திரித்த கவச உடுப்பு. வெயில் சவாரிக்கு ஒன்று, மழைச் சவாரிக்கு ஒன்று, சாரல் காற்றுக்கு ஒன்று. ஆபீசுக்குப் போனால் ஒன்று, பாபநாசம் மலையேறினால் வேறொன்று. பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு ஜோடிக் கவசம். இத்தனையும் ஒரே சிவப்புக் கம்பளியில் தைத்தவை. பொத்தான் மட்டும்தான் வேறு. மஞ்சள் பொத்தான் வைத்தால் வெயிலுக்கு, நீலப் பொத்தான் வைத்தால் மழைக்கு!

சிரிக்காதீர்கள். இதை எழுதுகிற வேதநாயகமாகிய நான், ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூடத்து எழுத்தர், ஞாயிறு ஆராதனையைக் கைகழுவிவிட்டுப் போய் ஒரு நீலப் பொத்தான் வாங்கிவந்தவன். ஏமாறுகிற விஷயத்தில் எங்களுக்குள் மத பேதம் கிடையாது.

என்னோடு வந்தவர் பாலசுப்பிரமணியன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எனக்குப் பக்கத்து வீடு. அவர் மனைவி சங்கரி சுகாதாரத் துறையில் நர்ஸ். தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு எட்டு ஊருக்கு சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். தை மாதத்தில் ஒரு நாள் சரளில் சறுக்கி விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்துவிட்டது. சறுக்கியது டயர் தேய்ந்ததனால். ஆனால் டயருக்கு ஜாதகம் கிடையாதே, அதனால் வாத்தியார் மனைவியின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு வந்தார்.

"சாமி, எங்க வீட்டுக்காரி சைக்கிள்ல போறா. விழுந்துட்டா."

"துணி எங்கே?" என்றார் சித்தர். நெஞ்சுவரை தாடி.

வாத்தியார் ஒரு வெள்ளைத் துண்டை நீட்டினார். சங்கரி வெயிலில் போகும்போது தலையில் போட்டு வியர்வை துடைக்கிற துண்டு. மகானிடம் கொண்டுபோவதற்காக முந்தின நாள் அவளையே துவைக்கச் சொல்லி, மடித்து எடுத்து வந்திருந்தார்.

சித்தருக்கு முன்னால் ஒரு பித்தளை உருளி. அதில் மஞ்சள் நிறத்தில் தீர்த்தம். துண்டின் நுனியை அதில் முக்கி எடுத்தார். நுனி ரத்தச் சிவப்பாக மாறியது! கூட்டம் "ஆ" என்றது. நானும் என் பங்குக்கு "ஆ" என்றேன்.

"பார்த்தீரா, செவ்வாய்!" என்றார் சித்தர். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை அந்தச் சிவப்பின் மேல் பிழிந்தார். சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்தது. "கவசம் தரித்தால் இப்படித்தான் விலகும். ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் மாதர்களிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது."

வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்: மாதர்கள் தீர்த்தத்தைக் காணலாகாது. பெண்களின் மானத்தைக் காக்க எவ்வளவு அக்கறை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

வாத்தியார் வாங்கிவந்த கவசத்தை வீட்டில் சங்கரி பிரித்துப் பார்த்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கம்பளி.

"சித்திரை வெயில்ல இதையா மாட்டிட்டுப் போகச் சொல்லுதிய? நான் என்ன இமயமலைக்கா ஊசி போடப் போறேன்?"

"ஏட்டி, சொன்னாக் கேளு. கவசம் போட்டா சைக்கிள். இல்லேன்னா சைக்கிளைத் தொடப்பிடாது."

சைக்கிள் இல்லை என்றால் வேலை இல்லை. எட்டு ஊரில் ஆறு ஊருக்குப் பஸ் கிடையாது. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கின வேலை அது. சங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு கவசத்தை மாட்டினாள். மறுநாள் காலை தெருவில் அவள் போனதை நான் பார்த்தேன். தோளில் இருந்த மருந்துக்கு ஐஸ், மருந்தைச் சுமந்து போகிறவளுக்குக் கம்பளி. என்ன ஏற்பாடு!

நாலாவது மைலில், வாய்க்கால் கரையில், சைக்கிளோடு சாய்ந்துவிட்டாள். நல்ல வேளை, ஊசிக்காகக் கைப்பிள்ளையோடு காத்திருந்த சுடலைவடிவு என்கிற பெண் ஓடிவந்து பார்த்தாள். கவசத்தைப் பிடித்து உரித்தெடுத்தாள், வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினாள்.

"யம்மா, இந்தத் தீயில இதை எவன் மாட்டிவிட்டான்? ஆட்டுக்கே வெயில் வந்தா மயிரை வெட்டிவிடுதோமே!"

சாயங்காலம் சங்கரி வீட்டுக்கு வந்ததும் கவசத்தைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"அந்தச் சாமியார் என்ன சோதனை செஞ்சான்னு சொல்லுங்க."

"சொல்லப்பிடாது."

"சரி. அப்ப இதை மாட்டிக்கிட்டு தெருக்கோடி வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வாங்க. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

வாத்தியார் வீராவேசமாக மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது சைக்கிளில் போனார். வரும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, உருளி, தீர்த்தம், எலுமிச்சம்பழம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"தீர்த்தம் என்ன நெறம்?"

"மஞ்சள்."

சங்கரி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெயில் மூளைக்கு ஏறிவிட்டது என்று நாங்கள் பயந்துபோனோம்.

"வாரம் தவறாம சட்டையில சாம்பாரைச் சிந்திட்டு வாரியளே, அந்தக் கறையில சோப்புப் போட்டா என்ன நெறம் ஆகும்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்தாறு. இரண்டு பேரும் பிறந்தது முதல் ஒரு சட்டையைத் துவைத்ததில்லை. கழற்றிப் போட்டால் போதும், இரண்டு நாளில் அது வெள்ளையாக அலமாரிக்கு வந்துவிடும். நடுவில் அது என்ன பாடுபடுகிறது என்று நாங்கள் விசாரித்ததே இல்லை.

"செவக்கும்!" என்றாள் சங்கரி. "மஞ்சள்ல சோப்புப் பட்டா செவக்கும். ஊர்ல உள்ள அத்தனை பொம்பளைக்கும் தெரியும். புளிப்புப் பட்டா பழைய மஞ்சளாயிரும். துவைச்ச துணியில சோப்பு மிச்சம் இருக்கத்தான் செய்யும். அதான் பொம்பளைய வரப்பிடாதுன்னு எழுதிப் போட்டிருக்கான்!"

அப்போதும் கணக்கு வாத்தியார் விடவில்லை. "அது வீட்டு மஞ்சள். அங்கன உள்ளது தீர்த்தம்லா?"

எனக்கே கோபம் வந்துவிட்டது. சங்கரிக்கு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். என் சோதனை தோத்துட்டா, அன்னைக்கே வேலையை எழுதிக் குடுத்திருதேன். செயிச்சிட்டா, நான் என்னத்தை உடுத்திட்டுச் சைக்கிள் மிதிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லப்பிடாது."

வாத்தியார் தலையாட்டினார். பக்கத்து வீட்டில் நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. வேலை அவளுடையது, பதைப்பு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாதர்கள் காணலாகாத இடத்துக்கு அவள் எப்படிப் போவாள் என்று கவலைப்பட்டோம். ஒன்றுமில்லை, தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு படியேறினாள். ஊசி என்றால் நடுங்காத ஆண்மகன் அந்த வரிசையில் ஒருவன்கூட இல்லை. எல்லாரும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

"மாதரசி இங்கே வரலாகாது!" என்றார் சித்தர்.

"ஊருக்கே செவ்வாயை எடுக்கியளே சாமி, உங்களுக்கு இருக்கான்னு பாத்துக்கிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே, அவர் தோளில் கிடந்த வெளுத்த துண்டை உருவி உருளியில் முக்கினாள். நுனி சிவந்தது.

சித்தர் லேசுப்பட்டவரா? "பக்தர்களின் தோஷத்தையெல்லாம் யாம் ஏற்றுக்கொண்டோம்" என்று கண்ணை மூடினார். இரண்டு பேர் காலில் விழப் போனார்கள்.

"கொஞ்சம் பொறுங்க, விழலாம்" என்றாள் சங்கரி. முந்தின நாள் ஊர்ச் சவாரியில் உடுத்தியிருந்த ரவிக்கையின் கை ஒன்றை வெட்டி எடுத்து வந்திருந்தாள். புதிதாகத் தைத்தது, ஒரு தரம்கூடச் சோப்புப் படாதது. வியர்வையில் ஊறி உப்புப் பூத்திருந்தது. அதை முக்கினாள். மஞ்சளாகவே இருந்தது. "இது முழுக்க வேர்வை. செவ்வாயைக் காணோமே?"

அடுத்து பெட்டியைத் திறந்து, ஒரு துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். அதை உருளிக்குள் போட்டு இரண்டு கையாலும் கரகரவென்று தேய்த்தாள். தீர்த்தம் முழுவதும் செக்கச்செவேல் என்று ஆனது.

"இந்தச் சோப்பு சைக்கிள் மிதிச்சதா சாமி? இது என்ன நட்சத்திரம்?"

யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். அது படி வழியாக இறங்கி, டீக்கடையைச் சுற்றி, பஸ் நிற்கிற இடம்வரை போய்விட்டது. பாலசுப்பிரமணியன் தானே முன்னால் வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தார், இன்னொன்றையும் பிழிந்தார். பிழியப் பிழியச் சிவப்பு வடிந்து மஞ்சள் திரும்பியது. "எலுமிச்சம்பழ ரசம்! எங்க வீட்ல தினமும் வைக்காங்க!" என்று கத்தினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் எந்த ரிசல்ட் நாளிலும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, கீழே நடைபாதையில் துணி விற்கிற அசன் மைதீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கவசத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"அல்லாவே! இது எங்கிட்ட மூணு வருசமா விக்காமக் கெடந்த கம்பளிலா? மாசி மாசம் ஒரு ஆளு மொத்தமா வாங்கிட்டுப் போனாரு. அவருக்குத் தாடி இல்ல."

மாசிக்கும் பங்குனிக்கும் நடுவில் நெஞ்சுவரை தாடி வளருமா? வாத்தியாருக்கே கணக்கு உதைத்தது. கூட்டம் தாடியைப் பார்த்தது. சித்தர் வாசலைப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். தாடி மட்டும் அசன் மைதீன் கையில் இருந்தது. கீழே சைக்கிள் கடையில் நின்ற ஒரு வண்டியில் தாவி ஏறி மிதித்தார். கவசமும் இல்லை, பொத்தானும் இல்லை. தழையத் தழையக் கட்டின காவி வேட்டியோடு மிதித்தார். சைக்கிளைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர் என்பது அப்போதுதான் எங்களுக்கு நிச்சயமாயிற்று. பத்து மிதிக்குள் வேட்டியைச் செயின் கவ்விக்கொண்டது. நடு ரோட்டில், இரண்டு பஸ்ஸுக்கு மத்தியில், கோவணத்தோடு குப்புற விழுந்தார். "சித்தர் ஸ்டாப்பு, எறங்கு!" என்றார் ஒரு கண்டக்டர். போலீஸ்காரர் வரும்வரை தபால்காரர்கள் அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மாடியில் ஒரு பால்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சங்கரியிடம் வந்தார். "தாயீ, அப்ப சைக்கிள்ல என்னத்தைத்தாம் போட்டுட்டுப் போக?"

"ஒடம்பைக் கேளுங்க, அது சொல்லும். வெயில்ல தொளதொளன்னு மெல்லிசாப் பருத்தி உடுத்துங்க. தலையில ஈரத்துண்டு போட்டுக்கோங்க. மழையில தடிச்ச துணி வேண்டாம், நனைஞ்சா கனக்கும். சீக்கிரம் காயுறதா போட்டுக்கிட்டு மேல ஒரு பிளாஸ்டிக் உறை போதும். சாரக்காத்துக்கு உள்ள ஒரு பனியன் கூட. தூரமாப் போறதுன்னா உக்காருற எடத்துல தடிச்ச தையல் இருக்கப்பிடாது, புண்ணாயிரும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுங்க. இல்லாட்டி..." என்று ஜன்னல் வழியாக ரோட்டைக் காட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் வாத்தியார் கல்லிடைக்குறிச்சி தாண்டினதும் மெதுவாகச் சொன்னார்: "சங்கரி, நாளையில இருந்து நீ உன் இஷ்டம்போல உடுத்திட்டுப் போ. டயரை நான் மாத்தித் தாரேன்."

"டயரை மாத்துங்க. கூடவே இன்னைக்குப் போட்ட சட்டையையும் நீங்களே துவைங்க."

துவைத்தார். நானும் துவைத்தேன். கை எரிந்தது, முதுகு வலித்தது, சாம்பார்க் கறை என் கண் முன்னாலேயே சிவந்தது. எட்டாத உயரத்தில் இருக்கிற செவ்வாயைத் தேடி வண்ணார்பேட்டை வரை போனவன், புழக்கடைக் கல்லில் வருஷக்கணக்காக நடந்ததைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நாளைக்கு வேறொரு தாடி, வேறொரு உருளியோடு வரும். அதன் முன்னால் கைகட்டி நிற்கப் போகிற பெரியவர்களே, அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததெல்லாம் அற்புதம் இல்லை.