காதுகுத்து பேனருக்குப் பின்னாடி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. பெட்ரூம் சுவத்துல இருந்த கருப்புப் பூஞ்சையைத் தேச்சுக் கழுவணும்.

சொன்னது என் வீட்டுக்காரர். சொல்லிட்டு டூட்டிக்கு ரயிலேறிட்டார்.

மழை ஆரம்பிச்சப்போ கட்டில் மூலையில தட்டு அளவுக்கு இருந்துது. ஜன்னலைத் திறந்து விட்டா காஞ்சிருக்கும். ஆனா எங்க தெருவு மலை அடிவாரம். ஜன்னலைத் திறந்தா காத்துக்கு முன்னாடி குரங்கு வரும். அதனால மூடியே வெச்சேன். பாப்பா யூனிஃபார்மையும் உள்ளயே காயப்போட்டேன். பூஞ்சைக்கு வேற இன்னா வேணும்? நல்லா வளந்துது.

தேய்க்கிற வேலைன்னாலே எனக்குக் கை வலி வந்துடும். பரண் மேல பாத்தேன். பாப்பா காதுகுத்து பேனர் சுருட்டிக் கெடந்துது. நடுவுல பாப்பா மொட்டைத் தலையோட சிரிக்குது. சுத்தி சொந்தக்காரங்க எல்லாரும் வட்டம் வட்டமா.

எடுத்து சுவத்துல ஆணி அடிச்சேன். கருப்பு போயே போச்சு. வேலையை முடிச்ச திருப்தியில ஒரு டீ போட்டுக் குடிச்சேன்.

ராத்திரி வந்தவர், கழுவிட்டியான்னு கேட்டார். ஆங்ன்னேன். பேனர்ல தன் போட்டோ பெருசா இருக்கவும் மேல எதுவும் கேக்கல.

ஆனா லேசா இருமிகினு இருந்த புள்ள, அந்த வாரம் ராவெல்லாம் இருமிச்சு. மூச்சு விடறப்போ நெஞ்சுல விசில் மாதிரி சத்தம். நிஜமாவே பயந்துட்டேன். தூக்கிகினு டாக்டர் கிட்ட ஓடினேன்.

டாக்டரம்மா நெஞ்சைப் பாத்துட்டு, "வீட்ல சுவரு ஓதமா இருக்கா? பூஞ்சை புடிச்சிருக்கா? சின்னப் புள்ளைங்களுக்கு அது ஆவாது"ன்னாங்க.

நான் மானஸ்தி. கதவு திறந்து கெடக்குது, வெளிய நம்ம தெரு ஆளுங்க உக்காந்திருக்காங்க.

"சேச்சே, எங்க வூடு பளபளன்னு இருக்கும் டாக்டர்."

அவங்க நம்பின மாதிரி தெரியல. மருந்து எழுதிக் குடுத்து, எதுக்கும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னாங்க.

வூட்டுக்கு வந்து முதல் வேலையா திறந்தேன். பேனரைத் தொடல.

அந்த நேரம் பாத்து பொதட்டூர்பேட்டையிலேர்ந்து என் நாத்தனார். மலைக்குப் போய்ட்டு, சாமிக்குப் படைச்ச வாழைப்பழத்தோட நேரா பெட்ரூமுக்கே வந்துட்டாங்க. கட்டில்ல உக்காந்து பேனரைப் பாத்தவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவங்க வீட்டுக்காரர் போட்டோவைத் தடவிப் பாத்துட்டு, எங்க மேல உனக்கு இவ்ளோ பாசமான்னு கேட்டாங்க.

நானும் அடக்கமா தலையைக் குனிஞ்சுகினு, ஆமா அண்ணின்னேன்.

தலையை நிமுத்தினா ஜன்னல்ல இன்னொரு தலை.

கம்பி இடுக்குல நுழைஞ்சுது, பழத்தைப் புடுங்கிச்சு. நாத்தனார் அலறினாங்க. அந்த அலறல்ல குரங்குக்கு வழி தெரியாம போச்சு. ஒரே தாவு, பேனர்ல தொங்கிச்சு. ஆணி பேந்து, காரை பேந்து, சொந்தக்காரங்க அத்தனை பேரும் கட்டில் மேல விழுந்தாங்க. குரங்கு பழத்தை மட்டும் விடாம வந்த வழியே போச்சு.

சுவரு முழுக்கக் கருப்பு. பேனருக்குள்ள புழுங்கிப் புழுங்கிப் பரவியிருக்கு. நாத்தம் குப்புன்னு அடிச்சுது. பாப்பா இருமிச்சு.

நாத்தனார் கத்தல. மெதுவாத்தான் கேட்டாங்க.

"இது பக்கத்துலயா புள்ளைய படுக்க வெச்ச?"

திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதுக்கு அழுகைதான் வந்துது. வெக்கமா இருந்துது.

அவங்க சமாதானம்லாம் சொல்லல. புடவையை இடுப்புல சொருகினாங்க. பாப்பாவைப் பக்கத்து வூட்ல விட்டுட்டு, ரெண்டு பேரும் மூக்கு வாய மூடித் துண்டு கட்டிக்கினு சாயங்காலம் வரைக்கும் தேச்சோம். வீட்டுக்காரர் வந்து, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒழுகிகினு இருந்த குழாயை மாத்தினார். ஜன்னலுக்கு வலையும் அடிச்சார்.

மருந்தும் காத்துமா பாப்பாவுக்கு இருமல் மெல்ல அடங்கிச்சு. இப்ப ராத்திரி நல்லா தூங்குது.

மறுபடி காட்டப் போனப்போ டாக்டரம்மாவுக்கு சந்தோஷம். நான் சொன்ன மாதிரி ஜன்னலைத் திறந்தீங்களான்னு கேட்டாங்க.

"திறந்தேன் டாக்டர். மீதியை குரங்கு பாத்துக்கிச்சு."