ஆறில் ஒருத்தி

கடவுளே நேரில் வந்து சத்தியம் செய்தாலும், "வேற ஆதாரம் இருக்குதா சாமி?" என்று கேட்கக்கூடியவர் செஞ்சியில் ஒருவரே: எங்கள் மகளிர் விடுதியின் பர்சென்ட் அக்கா. மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பத்துப் பெண். புள்ளியியல் முதுகலை மாணவி. மின்விசிறி நின்றால், "கரண்ட் கட் எண்பது, ஃபேன் ரிப்பேர் இருபது" என்பார்.

அவர் கிழங்கு உண்பதில்லை. ஆகவே மாலையில் போண்டா வந்ததும் விசாரணை தொடங்கிவிடும். "எப்பவும் பருப்பு போண்டாதாம்மா, சாப்டு" என்று சமையற்கார அம்மா கெஞ்சுவார். "எப்பவும் கதை வேணாம். இந்த போண்டா இன்னா சொல்லுது?" என்று ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்ப்பார். தீர்ப்பு வருவதற்குள் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிடும். இருட்டிய பின் அவர் எதையும் உண்பதில்லை. குற்றமற்ற போண்டாக்கள் எங்கள் வயிற்றில் அடைக்கலமாகும்.

ஓர் அமாவாசையன்று எங்கள் அறையின் அறுவரில் ஐவர், அனுமதியின்றி மேல்மலையனூர்க் கோயிலுக்கான சிறப்புப் பேருந்தில் ஏறிவிட்டனர். நான் மட்டும் தலைவலியோடு படுத்திருந்தேன். வாசல் கேமராவில் எங்கள் அறையிலிருந்து கிளம்பிய, முக்காடிட்ட ஐந்து உருவங்கள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. மறுநாள் காலை விசாரணையில் அறுவரும் ஒரே குரலில், "போகாதவ நான்தான் மேடம்" என்றோம்.

"ஆறுல அஞ்சு பேரு போயிருக்கீங்க. எவளைப் புடிச்சாலும் சரியாத்தான் இருக்கும்" என்ற வார்டன், என் பக்கம் திரும்பினார். "உன்கிட்டருந்தே ஆரம்பிக்கிறேன். உங்க நைனாவுக்கு போன் போடட்டுமா?"

ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்திவிடுவதாக நைனா முன்பே சொல்லியிருந்தார்.

விடுதிப் பிரதிநிதியாக அங்கிருந்த பர்சென்ட் அக்கா எழுந்தார். "மேடம், அது ரூமைப் பத்தின கணக்கு. இவளைப் பத்தி இன்னா தெரியும்? பஸ்ல யாராச்சும் பார்த்தாங்களா?"

"ஆறுல அஞ்சுன்னா எண்பத்து மூணு பர்சென்ட்டுடி! எல்லாத்துக்கும் பர்சென்ட் சொல்றவ நீதானே?"

"ஃபேனுக்குச் சொல்லுவேன் மேடம். இந்தக் கணக்குல ஆறு பேரையுமே வீட்டுக்கு அனுப்பலாம். அதுல ஒருத்தி போகவே இல்லைன்னு நமக்கு நல்லாவே தெரியும். போண்டாவையே பிட்டுப் பார்த்துத்தான் ஒதுக்குறேன், ஒரு பொண்ணை விசாரிக்காமலே படிப்பை விட்டு ஒதுக்கிடலாமா?"

வார்டன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "போய்த் தொலைங்க, ஆறு பேரும்!"

வெளியே வந்ததும் கண் கலங்க, "நான் போகலைன்னு நீங்களாச்சும் நம்பினீங்களேக்கா" என்றேன்.

"நானா? நீ போகலைன்றதுக்கு, மத்தவங்களை மாதிரியே உனக்கும் ஆறுல ஒண்ணு, பதினேழு பர்சென்ட்தான். கோச்சுக்காத."

கோபம் வரவில்லை. என்னை முழுதாக நம்பியவர் எவரும் எனக்காக அவ்வளவு உறுதியாக நின்றதில்லை.