கரை சேராத சூசையப்பர்

பாதரின் பிரசங்கம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது மீனவர் சங்கத்து ஒலிபெருக்கி குறுக்கே புகுந்தது.

"கவனிக்கவும். சூசையப்பர் படகு இன்னும் கரை சேரவில்லை."

குரல் கொலின்ஸுடையது, முன்பே பதிந்துவைத்தது. கொலின்ஸோ கோயிலில், மூன்றாவது வாங்கில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தான். தன் குரல் இவ்வளவு அபசகுனமானது என்று நாற்பத்து மூன்று வயதில்தான் அவனுக்குத் தெரியவந்தது.

பேசாலையில் ஒரு படகு கரை சேரவில்லை என்றால் சும்மா விஷயமில்லை. ஊரே கரையில் நிற்கும். ஆனால் இன்று ஞாயிறு. ஞாயிறில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. அதிலும் சூசையப்பர், சங்கத் தலைவர் வலன்ரைனுடைய படகு. ஞாயிறில் தொழிலுக்குப் போன இரண்டு பேரைப் போன மாதந்தான் சங்கத்தை விட்டு நிறுத்தியவர் அவர்.

ஆகவே பிழை ஒலிபெருக்கியைக் கத்தவைக்கும் கொம்பியூட்டர் புரோகிராமில்தான். புரோகிராமை எழுதியவன் கொலின்ஸ்.

பெண்கள் பக்கம் திரும்பினான். தலைவரின் மனைவி றோசம்மா வெள்ளைத் துணிபோல் வெளுத்துப்போய், செபமாலையை அறுந்துவிடும்போல இழுத்துப் பிடித்திருந்தாள். தலைவர் காய்ச்சலென்று பூசைக்கு வரவில்லை. காய்ச்சல்காரனின் படகைக் காணவில்லை என்று ஊரறியக் கத்தியாயிற்று.

கொலின்ஸ் முழந்தாளிட்டு அப்படியே பின்வாங்கி, வாசலைக் கண்டதும் ஓடினான்.

சங்கத்தின் செயலாளர் அவன். "கொம்பியூட்டர் சேட்டிபிக்கட் எடுக்காட்டி மார்கழியோட உன்ர கதிரையில வேற ஆள் இருக்கும்" என்று தலைவர் சொன்ன நாளிலிருந்து மன்னாருக்கு வகுப்புக்குப் போய்வருகிறான். வகுப்பில் செய்யச்சொன்ன ஒப்படை இதுதான்: பட்டனை அமத்தினால் ஏதாவது நடக்கவேண்டும், புரோகிராமில் கட்டாயம் 'கிளாஸ்' என்பதைப் பாவித்திருக்கவேண்டும்.

"பைபர் படகு வாக்கிற அச்சு மாதிரித்தான் கிளாஸ், அண்ணா" என்று வகுப்பெடுக்கும் றஸ்னா மிஸ் விளங்கப்படுத்தியிருந்தாள். "அச்சு ஒண்டு. ஆனா ஒவ்வொரு படகும் தான் கடலிலயோ கரையிலயோ எண்டு தானே ஞாபகம் வச்சிருக்கோணும்."

கொலின்ஸ் நாற்பத்திரண்டு படகுக்கும் பட்டன் வைத்தான். படகு போனால் காவலாளி அபூசாலி அமத்துவார். வந்தால் திரும்ப அமத்துவார். காலை எட்டு மணிக்குள் வராவிட்டால் ஒலிபெருக்கி கத்தும். நாளைக்கு மிஸ் நேரே வந்து பார்த்துப் புள்ளி போடுவாள். போட்டால் கதிரை. போடாவிட்டால் கதிரை இல்லை.

சங்கக் கந்தோரில் அபூசாலி கொம்பியூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் ஒண்டு..."

"கவனிக்கவும்!" என்றது ஒலிபெருக்கி.

"ஒண்டும் சொல்லாதேங்கோ, அபூசாலி நானா! கருவாட்டுக் கொட்டிலுக்கு அங்கால போய், சூசையப்பர் நிக்குதோ எண்டு பாத்திட்டு வாங்கோ!"

அபூசாலி சைக்கிளை எடுத்தார். கொலின்ஸ் புரோகிராமைத் திருத்தித் தட்டத் தொடங்கினான். அவசரத்தில், ஒவ்வொரு படகிடமும் இருந்த ஞாபகத்தைப் பிடுங்கி அச்சிலேயே வைத்துவிட்டான். இப்போது நாற்பத்திரண்டு படகுக்கும் ஒரே ஞாபகம். சூசையப்பர் கடலிலென்றால் எல்லாரும் கடலில்.

"அந்தோனியார் படகு இன்னும் கரை சேரவில்லை. செபஸ்தியார் படகு இன்னும் கரை சேரவில்லை. வேளாங்கண்ணி மாதா..."

கோயில் கலைந்தது. செபஸ்தியார் படகின் சொந்தக்காரன் கிறிஸ்ரி, பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகத்தோடு கந்தோருக்குள் பாய்ந்தான்.

"டேய் கொலின்ஸ்! நான் அல்லேலூயா பாடிக்கொண்டு நிக்கிறன், என்னை ஏன்ரா கடலில விட்டனி? அம்மா மயங்கி விழுந்திட்டா!"

"சத்தத்தைக் குறைக்கிறன், பொறு!"

குமிழைத் திருகினான். மறுபக்கம் திருகிவிட்டான். தொலைவில் இருக்கும் தாழ்வுபாடு ஊருக்கும் கேட்டிருக்கும். கடைசியில் பாய்ந்துபோய் மெயின் சுவிச்சையே இழுத்துக் கறண்டை நிறுத்தினான்.

சத்தம் நின்றது. சனம் அதற்கும் பயந்தது.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாங்கள்? என்னவோ மறைக்கிறாங்கள்!" என்று வெளியே ஒருத்தி அழுதாள்.

கொலின்ஸுக்கு ஒரு வழிதான் மிஞ்சியது. தலைவரின் காலில் விழுவது. தலைவர் வீட்டுக்கு அவன் முன்னே நடக்க, பின்னால் கிறிஸ்ரி, கிறிஸ்ரிக்குப் பின்னால் பாதி ஊர். தலைவருக்குக் காய்ச்சல் கடுமையென்று கேள்விப்பட்டு, நோயாளருக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழோடு பாதரும் வந்து சேர்ந்தார்.

றோசம்மா கதவை ஒரு சாண் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, தலைவரை ஒருக்காப் பாக்கோணும்."

"ஏலாது. படுத்திருக்கிறார்."

"மன்னிப்புக் கேட்டிட்டுப் போறன், அக்கா."

"அவரை எழுப்பேலாது எண்டு சொல்லுறன்!" என்றவள் கதவைப் பிடித்தபடியே விம்மினாள்.

கொலின்ஸ் சிலுவை அடையாளம் போட்டான். தன் ஒப்படை ஒரு மனிதனைக் கொன்றேவிட்டதா?

"மகள், வழிவிடுங்கோ. எண்ணெய் பூசிவிடுறன்" என்றார் பாதர்.

"வேண்டாம், பாதர்! உள்ளுக்கு வரவேண்டாம்! கடலுக்குச் செபியுங்கோ!"

"கடலுக்கோ?"

"காய்ச்சலுக்கு!"

கொலின்ஸ் தாங்கமுடியாமல் மணலில் முழந்தாளிட்டான்.

"அக்கா, அழாதேங்கோ. சூசையப்பருக்கு ஒண்டுமில்லை. அது கடலுக்கே போகேல்லை! எல்லாம் என்ர மொக்குப் புரோகிராம். கிளாஸ் எண்டா என்னெண்டே எனக்கு விளங்கேல்லை. சேட்டிபிக்கட்டும் வேண்டாம், கதிரையும் வேண்டாம். இப்பவே எழுதித் தாறன், வேற ஆளைப் போடுங்கோ."

அதைக் கேட்டு றோசம்மா இன்னும் உரத்து அழுதாள். கிறிஸ்ரி இரக்கப்பட்டு அவன் தோளில் கைவைத்தான். யாரோ கடுதாசி கொடுத்தார்கள், யாரோ பேனை கொடுத்தார்கள். கொலின்ஸ் 'கனம் தலைவர் அவர்கட்கு' என்று எழுதினான். பேனை கடுதாசியைக் கிழித்தது.

அப்போது சனத்தை விலக்கிக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. வியர்த்து ஒழுகிய அபூசாலி, காலை ஊன்றி நின்றார்.

"கொலின்ஸ் தம்பி, ஒருக்கா வந்து அந்தக் கறண்டைப் போட்டு விடுங்கோ, சூசையப்பர் வந்ததுக்குப் பட்டனைத் திரும்ப அமத்தோணும், தலைவர் இப்பத்தான் ரெண்டு பெட்டி மீனோட கரையேறினவர்."