பெரிய கல்லும் பிரசவ லேகியமும்

ஜமீலா, ரபீக், பரீட்சை முடிவுக்குக் காத்துக்கொண்டு முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைத் திட்ட எனக்கு மனமில்லை. நீங்கள் மெல்லுகிற சத்தம் கேட்டதும் மிதவைக் காக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. ராமேஸ்வரத்திலிருந்து கீழக்கரை வரை உள்ள கடலில், கவலைப்பட்டே பெருத்து, பெருத்ததாலேயே மூழ்க முடியாமல் போன மனிதர் அவர் ஒருவர்தான்.

காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அவர் புதுமடத்தில் சங்கு குளிப்பவர். நான் அவருக்குக் கயிறு பிடிப்பவன். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து அவர் கடலடிக்கு இறங்குவார். அங்கே கல்லை விட்டதும் நான் அதை மேலே இழுத்துவிடுவேன். அவர் மூச்சடக்கிச் சங்கு பொறுக்கி, இடுப்புக் கயிற்றை அசைத்தால் அவரையும் இழுப்பேன். அப்போது அவர் முருங்கைக்காய் மாதிரி இருப்பார்.

அவருடைய மகள் கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது. ஆனால் இக்கரைக்கு வரப் பர்மிட் கிடைக்கவில்லை. அவர் மனைவியை நான் ராத்தா, அதாவது அக்கா, என்பேன். ராத்தா கருப்பட்டியும் பூண்டும் நல்லெண்ணெயுமாகப் பிரசவ லேகியம் கிண்டி, கொழும்புக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்ப ஒரு ஜாடி நிறைய வைத்திருந்தார். போகிறவர் யாரும் அகப்படவில்லை. அங்கிருந்து கடிதமும் நின்றுபோனது.

ஒருநாள் வள்ளத்தில் காக்கா மடியை அவிழ்த்து ஓர் உருண்டையை வாயில் போட்டார்.

“என்ன காக்கா, அது பிள்ளை பெத்தவ திங்கிறதுல்ல?”

“மகளுக்கு இந்நேரம் வலி கண்டிருக்குமோன்னு நெனைக்கிறேன் தம்பி. நெனைச்சா இங்கன வயித்தைக் கவ்வுது. ஒரு உருண்டை போட்டாத்தான் அடங்குது.”

“எத்தனை தடவை நெனைக்கிறீங்க?”

“தூங்கும்போது மட்டும் நெனைக்கிறதில்ல. தூக்கந்தான் வர மாட்டேங்குதே.”

இரண்டு மாதத்தில் அவருக்கு வயிறு தள்ளியது. கரையில் மீன் காயவைக்கும் பெண்கள், “வீட்டுக்காரருக்கு எத்தனையாவது மாசம்?” என்று ராத்தாவிடம் விசாரித்தார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. கல்லோடு இறங்கினார். கல்லை இழுத்தேன். கல் வருவதற்குள் அவர் வந்துவிட்டார். பையில் ஒரு சங்குகூட இல்லை.

“தண்ணியில உப்பு கூடிப்போச்சு தம்பி. ஆளைத் தள்ளுது.”

“மத்தவங்க குளிக்கிறதும் இதே தண்ணிதானே காக்கா?”

“அவங்க மொரட்டுப் பயலுக. உப்பு பயப்படுது.”

பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டினேன். அவரோ அதை அடியில் விடாமல், கைக்குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பொறுக்கினார். கல், காக்கா, ஒரே ஒரு சங்கு, மூன்றையும் சேர்த்து இழுத்ததில் என் முதுகு கழன்றது. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏலே, ரெண்டு வெள்ளிக்கிழமை ஜும்மா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அடியில நிக்க முடியலைன்னா, கரையில உக்காந்து சங்கு சொரண்டச் சொல்லு” என்றார் என்னிடம்.

இருபது வருடம் கடலடியில் நின்ற மனிதர். நேரே வீட்டுக்குப் போய் ஜாடியை வழித்துத் தின்றுவிட்டார்.

அடுத்து ராத்தா சுடுகிற பணியாரத்துக்குத் தாவுவார் என்று எனக்குப் பயம். “வீட்டுல உக்காந்து திங்கிறதுக்கு, உச்சிப்புளி தபாலாபீசுக்கே போயிக் கடிதாசைக் கேப்போம், வாங்க” என்றேன்.

தினமும் கடலிலிருந்து வந்ததும் நடந்தோம். வழியெல்லாம் பேசினார். போகும்போது அவர் பேச்சில் மகளுக்கு ஜன்னி கண்டது. வரும்போது மருமகனைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், பர்மிட் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். நான் ‘உம்’ கொட்டினேன். தபால்காரர் தினமும், “இன்னைக்கும் இல்ல பாய்” என்பார்.

ஒரு வாரத்தில் ராத்தா என்னைக் கூப்பிட்டு, “என்னப்பா பண்ணுன? ராத்திரி இஷா தொழுதுட்டுப் படுத்தா விடியக்காலம் பஜ்ருக்குத்தான் எந்திரிக்கிறாரு. சுட்ட பணியாரம் சுட்டபடி கெடக்கு” என்றார்.

நான் ஒன்றும் பண்ணவில்லை. கவலை வாய் வழியாக வெளியே வந்ததும், வாய் வழியாக உள்ளே போவது குறைந்துவிட்டது. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு எட்டியது அவ்வளவுதான். தொந்தி நாலு விரல்தான் வற்றியது. ஆனால் மூச்சு நிதானப்பட்டிருந்தது.

கெடுவின் கடைசி நாள். பெரிய கல்லோடு இறங்கினார். அடியில் கல்லை விட்டார். இழுத்தேன். கல் வந்தது, அவர் வரவில்லை. சம்மாட்டி வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். நான் குனிந்து தண்ணீரில் குமிழி தேடினேன். அப்புறம் இடுப்புக் கயிறு அசைந்தது. மேலே வந்தபோது பையில் ஏழு சங்கு.

“உப்பு கொறைஞ்சிருச்சு தம்பி” என்றார்.

அடுத்த வாரம் கடிதமும் வந்தது. தபாலாபீஸ் வாசலில் நான்தான் படித்துக் காட்டினேன். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், முன்னே எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்ததா என்று கேட்டிருந்தது. கடைசி வரியில், ‘உம்மா கிண்டிய லேகியத்தைச் சீக்கிரம் அனுப்பவும்.’

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கடைசி வரியை மட்டும் ராத்தாகிட்ட படிச்சுராத.”

“ஜாடி காலின்னு ராத்தாவுக்குத் தெரியாதா?”

“காலி இல்லப்பா. மண்ணை அள்ளிப் போட்டு வாயைத் துணியால கட்டி வச்சிருக்கேன்.”

அன்று சாயங்காலம் நான் மட்டும் வள்ளத்துக்குப் போனேன். இனி அவருக்குத் தேவைப்படாத பெரிய கல்லைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து மணலில் உருட்டிவிட்டேன். அவருடைய பழைய சின்னக் கல்லைத் தேடி எடுத்து, பாசியைத் துடைத்துக் கட்டினேன். இரண்டு முடிச்சே போதும். நான் மூன்று போட்டேன்.