ஜெபதுரை வாத்தியார் கடன் அடைத்த கதை

தான் இன்றோடு கடனில்லாத மனுஷன் என்று ஜெபதுரை வாத்தியார் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். மனசுக்குள்தான். சத்தமாகச் சொல்ல வழியில்லை. அடுப்படியில் மனைவி உபகாரம் இருந்தாள். அவளைப் பொறுத்தவரை அவர் என்றைக்குமே கடன்பட்டவர் இல்லை.

பெண் பார்க்கப் போன அன்றே அந்தப் பொய்யைச் சொல்லியாயிற்று. "படிப்புச் செலவுக்கு என்ன செஞ்சீங்க தம்பி?" என்று மாமனார் கேட்டார். "எல்லாம் உபகாரச் சம்பளம்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் ஜெபதுரை. பெண்ணின் பெயரும் உபகாரம் என்பதால் வீடே சிரித்தது. சம்பந்தமும் முடிந்தது.

உண்மையில் மதுரையில் படித்து முடித்தபோது அவரிடம் இருந்தவை இரண்டு பட்டங்கள், மூன்று கடன்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு ஒன்று. ஓட்டல் பற்றுக்கு ஒன்று. தெருவைக் கூட்டுகிற அகலத்தில் தவணைக்கு எடுத்த பெல்பாட்டம் பேண்ட்டுகளுக்கு ஒன்று. இந்த மூன்றையும் அடைக்க, வத்தலக்குண்டில் வட்டிக்கடை வைத்திருந்த பழனிமுத்துவிடம் நாலாவதாக ஒன்று வாங்கினார். அதைத்தான் ஐந்து வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிய விதத்தை நினைத்தால் அவருக்கே தன்மேல் மரியாதை வரும். மணியார்டர் அனுப்பினால் ரசீது வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே பஸ் கண்டக்டர்! கொடைக்கானலிலிருந்து கீழே போகிற மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, ரிப்பேர்க் கடிகாரம் எல்லாம் கண்டக்டர் கையில்தானே போகும், வரும்? மலைமேல் அட்டுவம்பட்டியில் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்த கண்டக்டர் பொன்னுவேலிடம் சம்பளத்தன்று ஐம்பது ரூபாயும், டீக்காசாக ஒரு ரூபாயும் கொடுப்பார். ரசீது வேண்டாம், துண்டுச் சீட்டு வேண்டாம், வாயைத் திறக்காதே என்று உத்தரவு. வீட்டில் 'சம்பளத்தில் பிடித்தம்' என்பார். எதற்குப் பிடித்தம் என்று உபகாரம் கேட்டதே இல்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோயில் வாலிபர் கூட்டத்தில் 'கடனில்லா வாழ்க்கை' என்று இரண்டு முறை பேசியும் இருக்கிறார்.

இன்று காலையில் கடைசித் தவணையைக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் தோல் ஜெர்கின் வாங்க வேண்டியதுதான். அந்தச் சந்தோஷத்தில் சாயங்கால டியூஷனை ரத்து செய்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்திருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு வெள்ளனே வந்துட்டீங்க?"

"ஏ உபகாரம், அடுத்த மாசத்துலருந்து பிடித்தம் கெடையாது!"

"அப்படிங்களா? ஸ்கூல்ல சொல்லிட்டாங்களா?"

"அவங்க என்ன சொல்றது? நான் சொன்னேன். நேரா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன். இனிமே ஒத்தப் பைசா பிடிக்கக் கூடாதுன்னேன். மனுசனுக்கு வேர்த்து ஊத்திருச்சு."

"இந்தக் குளிர்லயா?"

"ஆமா."

"பாவங்க. காப்பியக் குடிங்க."

காப்பி நீட்டிய கையில் இரண்டு தங்க வளையல்கள் கிடந்தன.

"இது எப்ப வந்துச்சு?"

"எங்கம்மா போட்டதுங்க. போன கிறிஸ்துமஸ்லருந்து கையிலதான் கெடக்கு. அதுக்கு முந்தி ரெண்டு வருசம் கையில இல்ல. பாக்கலையா?"

"பாக்காம என்ன? நாமளா கேக்க வேணாம்னு இருந்தேன். உங்கம்மா வீட்ல இருந்துச்சாக்கும்?"

"இல்லைங்க. வத்தலக்குண்டுல."

ஜெபதுரை டம்ளரைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் குரல்.

"அக்கா! இந்தாங்க, இந்த மாசத்து அம்பது. இதோட முடிஞ்சுச்சுன்னு சார்..."

பொன்னுவேல் சாரைப் பார்த்துவிட்டான்.

"ஏலே! வத்தலக்குண்டுக்குப் போற ரூவாய்க்கு இங்க என்ன சோலி?"

"சார், மூணு வருசத்துக்கு முந்தி மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடந்துச்சுல்ல? பஸ் பாதியில திரும்பிருச்சு. அடுத்தவங்க காச வச்சுக்க வேணாம்னு வீட்டுக்குக் கொண்டாந்தேன். நீங்க டியூஷன்ல இருந்தீங்க. அக்காதான் இருந்தாக."

"வாயத் தொறக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"தொறக்கவே இல்ல சார். வத்தலக்குண்டுக்கான்னு கேட்டாக, தலையாட்டுனேன். வட்டிக்கடைக்கான்னு கேட்டாக, அதுக்கும் தலையத்தான் ஆட்டுனேன்."

உபகாரம் நிதானமாக ஐம்பது ரூபாயை முந்தானையில் முடிந்தாள். "ரோடு சரியானதும் நானே கீழ போனேங்க. பழனிமுத்து அண்ணாச்சிகிட்ட வளையல அடகு வச்சு உங்க கடன அடைச்சேன். நகைக்கு வட்டி கொறச்சலாம். உங்க கையெழுத்துக்குத்தான் கூடவாம். அப்புறம் நீங்க குடுத்து விட்டத மாசாமாசம் இங்கயே கொண்டாரச் சொல்லி, அதுல வளையல மீட்டாச்சு."

"போன கிறிஸ்துமஸ்லயே மீட்டுட்டியே! அதுக்கப்புறம் குடுத்ததெல்லாம்?"

"நான் அஞ்சல் வழியில பி.ஏ. சேந்துருக்கேங்க. அதுக்குத்தான் ஃபீஸ் கட்டுறேன்."

"பி.ஏ.வா? யாரக் கேட்டு?"

"கடன் வாங்குனாத்தான் கேக்கணும். எனக்குத்தான் உபகாரச் சம்பளம் வருதே!"

ஜெபதுரையின் குரல் தரைக்கு இறங்கியது. "உங்கப்பாவுக்கு... தெரியுமா?"

"இதுவரைக்கும் சொல்லல. நான் படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுவரைக்கும் பிடித்தம் இருந்தா, சொல்லவும் மாட்டேன்."

வாசலில் பொன்னுவேல் தலையைச் சொறிந்தான். "அப்ப அடுத்த மாசமும் நானே வாங்கியாரவா சார்?"

"வேணாம் பொன்னுவேலு," என்றாள் உபகாரம். "இனிமே சாரே நேர்ல குடுத்துருவாரு. டீக்காசாவது மிஞ்சட்டும்."

மாதாமாதம் மிஞ்சிய அந்த ஒரு ரூபாயோடுதான் ஜெபதுரை வாத்தியார் கடனில்லாத மனுஷன் ஆனார்.